ஒன்பது வீட்டுச் சாவி

தென்காசி
2-7-1963

அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று இலஞ்சிக் குமாரரை நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். கால் வீக்கம் வடியவில்லை, ரயிலில் போகக்கூடாது, பிரசவம் பம்பாயில்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். அம்மா, எப்போது வருகிறாய் என்று இரண்டு கடிதத்தில் கேட்டாய். இரண்டுக்கும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று பதில் போட்டேன். அதைப் படித்து நீ அழுதாய் என்று மாப்பிள்ளை அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறார். இனி அழ வேண்டாம். நானும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. முன்பே ஏன் இப்படி எழுதவில்லை என்றால் அதற்கு என் புத்திதான் காரணம், ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு, நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தொடங்கியது என்பதால் இந்தக் குற்றாலத்து வேலையைப் பற்றி உனக்கு முழு விவரம் தெரியாது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் அருமைநாயகம் அண்ணாச்சிக்கு ஒன்பது சீசன் வீடுகள் இருக்கின்றன. காலையில் ஒரு குடும்பம் காலி செய்தால் மத்தியானமே அடுத்த குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடும். இடையில் உள்ள மூன்று மணி நேரத்தில் வீட்டைப் பெருக்கிக் கழுவித் துடைத்துக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது. வேலைக்கு எட்டுப் பெண்கள். தூசியும் குப்பையும் பெரிய காரியமில்லை, எண்ணெய்தான் பெரிய காரியம். அருவிக்குப் போகிறவர்கள் கூடத்திலேயே உட்கார்ந்து தலை முதல் கால் வரை நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அப்படியே வீடெல்லாம் நடப்பார்கள். சிவப்புச் சிமெண்டுத் தரையில் எண்ணெய் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, வழுக்கி விழுந்த பிறகுதான் தெரியும். முதலில் தவிட்டைத் தூவி எண்ணெயை இழுக்க விட்டு, சீயக்காய்த் தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். எட்டுப் பேரும் இதை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளாகப் போன இரண்டு சீசனிலும் இருந்தவள் ஹைருன் பீவி. தென்காசிக்காரி, நாற்பது வயதிருக்கும், எழுதப் படிக்கத் தெரியாது. அவள் மேற்பார்வை பார்க்கும் விதமே தனி. துடைத்து முடிந்ததும் காலை நனைத்துக்கொண்டு வாசலிலிருந்து அடுக்களை வரை மெதுவாக நடப்பாள். எங்கே கால் லேசாக வழுக்குகிறதோ அங்கே அப்படியே நின்றுவிடுவாள். திட்டமாட்டாள், கூப்பிடவும் மாட்டாள். யாருடைய இடமோ அவள் துணியோடு ஓடி வந்து துடைக்கிற வரை மரம் மாதிரி நிற்பாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒன்பது வீட்டு மாற்றுச் சாவிக் கொத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள், காலையில் வந்து வாங்கிக்கொள்வாள்.

நான் செய்த காரியத்தைக் கேள். இந்த வருஷம் சாரல் தொடங்கிய முதல் வாரம் மூன்றாம் வீட்டுக்குப் போனேன். ஹைருன் நடந்து பார்த்துச் சரி என்று சொன்ன வீடு. எனக்குத்தான் முப்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திய பழக்கமாயிற்றே, ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தேன், விரலில் தூசி ஒட்டியது. அந்த விரலை எட்டுப் பெண்களுக்கும் எதிரே அவள் முகத்துக்கு நேராக நீட்டி, இதுதான் நீ பார்த்த லட்சணமா, நீயே துடை என்றேன். அவள் துடைத்தாள். அன்றைய வேலையை முடித்து வழக்கம்போலச் சாவியைக் கொடுத்தாள். மறுநாள் வரவில்லை. காய்ச்சலோ என்று, எட்டுப் பேரில் மூத்தவளான வடிவம்மாளை அனுப்பினேன். எனக்குக் காய்ச்சலும் இல்ல மண்டையிடியும் இல்ல, மேல பாக்க ஒரு ஆளு போதும், டீச்சரம்மாவே பாக்காவல்லா, நான் எதுக்குன்னு கேளு என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரிந்தவர் என்று சிவனணைந்தபெருமாள் என்பவரை வைத்தேன். மலையில் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். எந்த வீட்டை எத்தனை மணிக்குக் கழுவினார்கள் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதுவார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அந்தக் கையெழுத்தைப் பார்த்து மயங்கினேன், வாத்தியாரம்மாவுக்கு வேறு என்ன தெரியும். அவர் வாசல்படியில் செருப்புக் காலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டு நோட்டில் சரி போடுகிறார் என்பது இரண்டு வாரம் கழித்து, நாலாம் வீட்டில் ஒரு பெரியவர் எண்ணெயில் வழுக்கி விழுந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்லவேளை, மணிக்கட்டு சுளுக்கியதோடு போயிற்று. நோட்டில் நாலாம் வீட்டுக்கு நேரே அழகாகச் சரி போட்டிருந்தது. அருமைநாயகம் அண்ணாச்சி வந்து, டீச்சர், இன்னொரு ஆளு விழுந்தா நான் வேற ஆளப் பாக்க வேண்டியதுதான், கோவிச்சுக்கிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சிவனணைந்தபெருமாளை நிறுத்திவிட்டு, காலையில் ஏழு மணிக்குப் போய்ச் சாயங்காலம் வரை ஒன்பது வீட்டிலும் நானே நின்றேன். உன் கடிதங்கள் வந்தது அந்த நாட்களில்தான். நான் நகர்ந்தால் எட்டுப் பேர் பிழைப்பு போய்விடும், நகராவிட்டால் நீ அங்கே தனியாகக் கிடப்பாய். இதை எழுத முடியாமல்தான் பார்க்கலாம் என்று எழுதினேன்.

அப்போதுதான் ஐந்தாம் வகுப்பில் நான் மணியடிக்க விட்ட ஒரு பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். பொறுப்பை அவளிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு மணிக்கும் நானே கடிகாரத்தைப் பார்த்து, அடி அடி என்று முந்திக்கொள்வேன். ஒரு வாரத்தில் அவள் கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். சோம்பேறி என்று அவளைத் திட்டினேன். சோம்பேறி ஆக்கியது யார் என்று இத்தனை வருஷம் கழித்து விளங்குகிறது. ஹைருன் விட்டுப் போனது கூலிக்காகவும் இல்லை, வேலைப்பளுவுக்காகவும் இல்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வாங்க என்று எழுந்து பாய் விரித்து, சாயா போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடியும் சுற்ற உட்கார்ந்துவிட்டாள். நான் செய்தது தப்பு, மனதில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அவள் இலையை நறுக்கிக்கொண்டே, டீச்சரம்மா, ஏசுனது அவளுவ எட்டு பேரு முன்னால, மாப்புக் கேக்கது மட்டும் எங்கூட்டுச் சுவத்துக்கிட்டயா, சுவரு என்ன வேலைக்கா வருது என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நாளைக்கு ஒரு தரம் வந்து நில், அது போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் வந்தாள். அதே மூன்றாம் வீட்டில் எட்டுப் பேரையும் கூப்பிட்டு, அன்றைக்கு இவளை நான் அப்படிப் பேசியது தப்பு, இனி வீடு சரியா இல்லையா என்பதை இவள் சொன்னால் போதும், எனக்கு ஏதாவது தோன்றினால் இவளிடம் தனியாகச் சொல்வேன் என்றேன். சாவிக் கொத்தை அவள் கையில் கொடுத்து, சாயங்காலம் கொண்டுவர வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும் என்றேன். அவள் கொத்தை இடுப்பில் செருகினாள், காலை நனைத்தாள், நடந்தாள். கூடத்து நடுவில் நின்றுவிட்டாள். ஒருத்தியும் ஓடி வரவில்லை. என்ன என்று பார்த்தால் அது நான் நின்று பேசிய இடம். பேசுகிற அவசரத்தில் செருப்பைக் கழற்ற மறந்து சேறும் எண்ணெயுமாக மிதித்து வைத்திருக்கிறேன். அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, துணியை வாங்கிக் குனிந்து துடைத்தேன். வடிவம்மாள் மெதுவாக, ஏட்டி, இனி டீச்சரும் நம்ம கூட்டந்தான் என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். ஹைருன் சிரிக்காமல் அடுத்த அடி எடுத்து வைத்தாள்.

அது நடந்து பத்து நாள் ஆகிறது. அண்ணாச்சி இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போயிருக்கிறார். அவர் ஒன்றும் பேசாவிட்டால் திருப்தி என்று அர்த்தம். ஐந்தாம் நாள் எனக்குக் கை அரித்தது, எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன். அங்கே நின்று யோசித்துவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஏட்டி, பிரம்பக் கீழ போட்டுட்டியா என்று அப்பா கேட்டார். நான் பழத்தை அவர் கையில் கொடுத்தேன். நேற்று ஹைருனிடம் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறேன், வர இரண்டு மாதம் ஆகும் என்றேன். போய்ட்டு வாங்க, தரையெல்லாம் இங்கனதான் கெடக்கும் என்றாள். இத்தனை வாரத்தில் நேற்றுதான் நான் படுத்ததும் தூங்கினேன்.

பிரசவ மருந்தும் வசம்பும் நல்லெண்ணெயும் எடுத்து வைத்துவிட்டேன். நாங்கள் வருகிற வரை நீ குனிந்து தரை துடைக்காதே, வேலைக்கு வருகிற பெண்ணே செய்யட்டும், அவளைப் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் குறை சொல்லாதே. புதன்கிழமை தாதர் ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையை வரச் சொல், எங்களுக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்கு வந்து உன் அலமாரியிலும் அடுப்பு மேடையிலும் விரலை வைத்துப் பார்க்கமாட்டேன். மறந்துபோய் வைத்தேனென்றால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், அந்த இடத்தில் வந்து சும்மா நில், நான் புரிந்துகொள்வேன்.

தாயும் பிள்ளையுமாக நீ நல்லபடி எழுந்து உட்கார இருவரும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

உன் அம்மா
கோமதியம்மாள்