மோட்சத்துக்கு அனுப்பப்பட்ட மாமா

சேசு மரி சூசை துணை.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மற்றபடி சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் என்னைவிட நன்றாக இருக்க ஆண்டவர் அருள்வாராக. அடுத்த மாதம் எனக்கு இதயத்தில் வால்வு மாற்ற நாள் குறித்துவிட்டார்கள். சின்ன விஷயம்தான் என்கிறார் டாக்டர். நெஞ்சு அவருடையதில்லையே.

உன் மாமாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று போனில் அழுதாயே, வராததே நல்லது. பிரசங்கத்தில் சாமியார், "நம்ம அண்ணன் இப்ப ஆண்டவர் பக்கத்துல உக்காந்து நம்மளப் பாத்துச் சிரிச்சிக்கிட்டிருக்காரு" என்றார். வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சிக்குக்கூட விசாரணை வைத்துத்தான் திருச்சபை புனிதர் பட்டம் கொடுக்கும். சிமெண்ட் கடைக்காரருக்கு ஒரே பிரசங்கத்தில் கொடுத்தாயிற்று. கோவிலுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தவராயிற்றே, அந்த மைக்கிலேயே பட்டமளிப்பும் நடந்தது. யாருக்கு? என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாளும் எட்டிப் பார்க்காமல், சவப்பெட்டியைத் தூக்க மட்டும் முன்னால் வந்து நின்றவருக்கு. உன் அப்பா செத்த அன்று இன்ஜினைக்கூட அணைக்காமல், கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கித் துக்கம் விசாரித்துவிட்டுப் போன என் கூடப்பிறந்தவருக்கு.

அதோடு விட்டார்களா? ஆத்துமம் கரையேற வைக்கிற முப்பதாம் நாள் பூசை கிடையாதாம், ஹாலில் அவர் போட்டோக்களைத் திரையில் ஓட்டிச் சாப்பாடு போட்டார்கள். பூசை என்னாச்சு அண்ணி என்று கேட்டேன். "அவரு நேரா மோட்சத்துக்குப் போயிட்டாருன்னு சாமியாரே சொல்லிட்டாரு, உனக்கு மட்டும் என்னடி சந்தேகம்?" என்றாள் உன் அத்தை. "எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல அண்ணி, அதனாலதான் பூசை கேக்குறேன்" என்றேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். போகட்டும். நீ மட்டும் என்ன யோக்கியம்? அவர் படத்துக்குச் சிறகு ஒட்டி எல்லோருக்கும் அனுப்பினாய். செத்தவன் சிறகு முளைத்துச் சம்மனசு ஆவதில்லை என்று முதல் நன்மை வாங்கப் படிக்கிற பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் ஞானோபதேசப் புத்தகத்தை அட்டை கிழியப் படித்தவள், உன்னைப் போலப் பட்டம் வாங்கி மறந்தவள் இல்லை.

எல்லோரும் அவரை மோட்சத்தில் ஏற்றிவிட்டதால் என்ன ஆயிற்று தெரியுமா? அவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்ல நாதியில்லை. மோட்சத்துக்கு முன்னால் பாவக்கறை தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும் ஆத்துமம் தனக்காக எதுவும் செய்துகொள்ள முடியாது, இங்கே இருக்கிற நாம்தான் செய்ய வேண்டும். அதனால் வாரநாள் காலைப் பூசைக்கு அவர் பேரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பூசையில் மெழுகுதிரி ஏற்றுகிற கோவில்பிள்ளையும் நானும்தான் இருந்தோம். அந்த முகம் மனதில் வந்தாலே எரிகிறது, ஆனாலும் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு, செத்தவர்களுக்கான "நித்திய இளைப்பாற்றி" சொல்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்து உருகாதே. பிடித்தவர்களுக்கு மட்டும் செபிக்க வேதம் எதற்கு?

இப்போது என் விஷயம். ஆபரேஷன் மேஜையில் நான் போய்விட்டால் நீயும் எனக்குச் சிறகு ஒட்டுவாய், எனக்குத் தெரியும். ஒட்டாதே. நான் நல்லவள் இல்லை, வாய் நீளம், வன்மம் வைப்பேன், இந்தக் கடிதமே சாட்சி. சாமியார் என்னைப் புகழ்ந்தால் தடுத்து, "எங்கம்மா பொல்லாதவ சாமி, அவளுக்காக வேண்டிக்குங்க" என்று சொல். அந்த ஒரு மரியாதை போதும்.

அந்த இளைப்பாற்றிச் செபம் மறந்துவிட்டது என்று நீயே போனில் சொன்னாய், வெட்கமில்லாமல். பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, பார்த்துப் படிக்காமல், எனக்குச் சொல்லிக் காட்டு. அதைக் கேட்ட பிறகுதான் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவேன்.

பேரப்பிள்ளை நெற்றியில் தினமும் சிலுவை போடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக.

இன்னும் மோட்சம் போகாத,
உன் அம்மா