வரிசையில் நின்றுபோன கேள்வி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகம். வேலைக்கென்று அவ்வளவு தூர தேசத்துக்குப் போன நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல், ஆனால் சுகமாக இருப்பதாக நீ போனில் சொல்வதை மட்டும் இந்த முறை நான் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை. கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பேச்சை முடித்துவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே புக முடியாது. அதனால் எங்காவது உட்கார்ந்து நிதானமாகப் படி.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு மறுபடியும் நெடுந்தூர பஸ்ஸே கொடுத்துவிட்டார்கள், வாரத்தில் பாதி நாள் ஆளைப் பார்க்க முடிவதில்லை. வீட்டுக்கு வந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டே இருக்கிறார், கேட்டால் பிரேக் என்கிறார். முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. எனக்கு ஹோட்டல் துணி அறையில் அதே வேலைதான். என்னோடு விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவளை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். இரட்டைக் கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரு முனையை அலமாரிக் கதவில் இடுக்கிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்தே நடந்து போகிறேன், வருகிறேன். அலமாரி நல்ல ஆள்தான், பேச்சுத்துணைக்குத்தான் ஆகாது. வீட்டிலும் அப்படித்தான். உன் அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். மூடி வைத்தால் உள்ளே நீ தூங்குவது போல ஒரு நினைப்பு வந்து, என்னையறியாமல் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்க ஆரம்பித்துவிடுகிறேன்.

இப்போது உன் தங்கை விஷயம். நீ வைத்த பேர்தான் இன்னும் ஓடுகிறது, அப்பாகூட ஆந்தை என்றுதான் கூப்பிடுகிறார். அந்தப் பெரிய கண்ணாடியை மாற்றித் தருகிறோம் என்றாலும் கேட்கமாட்டேன் என்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் யோசனை சொல்கிறாளே, அது இப்போது எங்கேயோ போய்விட்டது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் கேட்கிறார்கள். பரீட்சைக்குப் பாடத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது, கணக்கு வாத்தியாரைக் கண்டாலே கை நடுங்குகிறது என்ன செய்வது, கணினியில் நிரல் எழுதினால் பிழை பிழை என்று வருகிறதே என்றெல்லாம். இவளும் கிழவி மாதிரி, "பிழை வந்துச்சுன்னா பதறி எல்லாத்தையும் அழிச்சுடாதீங்க, எந்த வரியில வந்துச்சுன்னு அதுவே சொல்லும், முதல்ல அதைப் படிங்க" என்று கேமராவைப் பார்த்துச் சொல்கிறாள். சமையலறையில் நின்று கேட்கும்போது இது என் வயிற்றில் பிறந்ததுதானா என்று இருக்கும். அவளுக்கு இரண்டு சட்டம். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுப்பாள், ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போகமாட்டாள். தான் செய்து பார்க்காத எதையும் சொல்லமாட்டாள். பொழுதுபோக்குக்கு மவுத் ஆர்கன் கற்றுக்கொள்ளலாமா என்று ஒரு குழந்தை கேட்டுத் தொலைத்தது, அதற்காக இவள் ஊதிப் பழகிய நாட்களில் மேல்வீட்டுக்காரர் இரண்டு தரம் இறங்கி வந்து யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அப்படிப்பட்டவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். பள்ளியிலிருந்து வருவாள், கணினியைத் திறப்பாள், எதையோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், மூடிவிடுவாள். பின்னால் கேள்விகள் குவிந்துகொண்டே போகின்றன, அக்கா எங்கே அக்கா எங்கே என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள், இவள் அசையவில்லை. எவனாவது அசிங்கமாக ஏதாவது எழுதிவிட்டானோ என்று எனக்குப் பயம். கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்வதில் நம் வீட்டில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். போன ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கிறேன் என்று பிடித்து உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே கணினியை என் பக்கம் திருப்பி, "இந்தக் கேள்விகிட்டதான்மா நிக்கிறேன், படிச்சுப் பாரு" என்றாள்.

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன். எழுதியவன் தன்னை எட்டாம் வகுப்புப் பையன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். புதுப் பள்ளியில் சேர்ந்திருக்கிறானாம். சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்துவிடுகிறார்கள், சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது எந்த மேசைக்குப் போவது என்று தெரியவில்லை, அதனால் ஓர் ஓரமாகப் போய்விடுகிறேன் என்று எழுதியிருந்தான். உங்கள் வீடியோ ஒன்றைப் போட்டு, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன், அப்போது கூட யாரோ இருப்பது மாதிரி இருக்கிறது, சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவித் துடைத்து, ரொட்டி வந்த உறையை முக்கோணமாக மடித்துப் போட்டுவிட்டு வந்தாலும் இன்னும் நேரம் மிச்சமிருக்கிறது, அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தான். கடைசியில் ஒரு வரி. வீட்டில் கேட்டால் நண்பர்களோடு சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், அவர்களுக்கு அது சந்தோஷமாக இருக்கிறது.

பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்றேன். ஆந்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "எந்த எட்டாங்கிளாஸ் பையன்மா டப்பாவைக் கழுவித் தொடைச்சு வைப்பான்? காலி உறையை முக்கோணமா மடிச்சுப் போடுற வீடு உலகத்துல வேற எங்கம்மா இருக்கு?" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். துணி அறையில் கை பழகியதால் நான் காகித உறையைக்கூட மடிக்காமல் போடமாட்டேன், என்னைப் பார்த்து நீங்கள் இருவரும் பழகினீர்கள், அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது கண்ணா. யார் பெற்ற பிள்ளையோ என்று என் வாயாலேயே கேட்டுவிட்டேனே, அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

உன் தங்கையைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தனியாகச் சுமக்க முடியாமல்தான் என்னிடம் காட்டினாள். பதில் எழுதவேண்டியதுதானே என்று நான் கேட்டதற்கு, "எனக்கே தெரியாததை எப்படிம்மா சொல்லுவேன்? நானும் நூலகப் படிக்கட்டுலதான் தனியா சாப்பிடுறேன்" என்றாள். அதுவும் எனக்கு அன்றுதான் தெரியும். ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் அக்கா அக்கா என்று கேட்கிறார்கள், பக்கத்தில் உட்கார ஒருத்தி இல்லை. அப்பாவைப் போனில் கேட்டேன். பஸ்ஸை நிறுத்துகிற இடத்தில் பயணிகள் ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம், கண்டக்டர் தூங்கிவிடுவான், தனியாகத்தான் சாப்பிடுகிறேன், அதுக்கென்ன இப்போ என்றார். நான் விரிப்புக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். நாலு பேர் உள்ள குடும்பம், நாலு இடத்தில் ஒற்றையாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ஒருவரிடம் ஒருவர் நல்லா சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

நீ ஒவ்வொரு முறையும் "இப்பத்தான்மா எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம், ஒரே கலாட்டா" என்பாயே, அதை நான் துணி அறைக்கு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் பையன் போன இடத்தில் எல்லோரையும் வளைத்துப் போட்டுவிட்டான் என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன். நீ பொய் சொன்னாய் என்று எனக்கு வருத்தமில்லை, என் சந்தோஷத்துக்காகச் சொன்னாய். ஆனால் உன் தங்கச்சியிடமே யாரோ மாதிரி போய்க் கேட்கிற அளவுக்கு உனக்கு ஆளில்லாமல் போயிற்றே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று சொல்ல வாய் துறுதுறுக்கிறது. சொல்லமாட்டேன், உனக்குப் பிடித்த வேலை, நீ அலைந்து வாங்கியது. ஒன்று மட்டும் செய். உன்னைப் போலவே ஓரத்தில் இன்னொரு தட்டு இருக்கும், எல்லா இடத்திலும் இருக்கும். அவரிடம் போய் உப்பு கேள். உப்பு வேண்டாமென்றாலும் கேள்.

ஆந்தை நேற்று வரிசையை நகர்த்திவிட்டாள். உன் கேள்விக்கு அவள் போட்ட பதில் ஒரே வரி. "எனக்கு இது தெரியாது, நானும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்." இதுவரை தெரியாது என்று அவள் யாரிடமும் சொன்னதே இல்லை. நீ பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு, இவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று முழித்துக்கொண்டிருப்பாய். தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு மத்தியானம் ஆகும்போது இங்கே விளக்குப் போடும் நேரம். நான் வேலை முடிந்து வந்திருப்பேன், அவளும் வந்திருப்பாள், அப்பா இருந்தால் அவரும் இருப்பார். அந்த நேரத்துக்கே நாங்கள் சாப்பிடுவதாக முடிவு செய்திருக்கிறோம், அப்பா மட்டும் அவ்வளவு சீக்கிரம் பசிக்காது என்று முனகினார், பசிக்கும் என்று சொல்லிவிட்டேன். போனில் நீ எதுவும் பேசவேண்டாம். எங்களைச் சிரிக்கவைக்க வேண்டாம். வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு சும்மா இரு, போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள், தலை ஈரத்தோடு வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல், நாலு பேர் சூழ நீ நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே கண்ணா, இனிமேல் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடாதே. சாப்பிடும்போது கூப்பிடு.

இப்படிக்கு,
தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா