பின்னறையில் ஊசித் திருடன்

மார்ச் 4, செவ்வாய்

வளைந்த ஊசியைக் காணவில்லை. நேற்று யானைப் பொம்மையின் காதைத் தைத்தபோது இருந்தது. ஊசியை மேசையில் போடுகிற பழக்கமே எனக்குக் கிடையாது. எந்தப் பொம்மையைத் தைக்கிறேனோ அதன் வயிற்றிலேயே குத்தி வைப்பேன். தேட வேண்டாம், தொலையாது. இதை எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அழுக்கு எடுப்பது, பஞ்சு அடைப்பது, கண் வைப்பது எல்லாம் நானாகக் கற்றது. அப்படி இருக்க ஊசி எங்கே போகும்? கால் முளைத்ததா?

மகளைக் கேட்டேன். "உங்க ஊசி எனக்கெதுக்குப்பா?" என்றாள்.

அவள் புருஷனைக் கேட்கவில்லை. வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவன். இந்த வீட்டில் நல்ல ஊசியின் அருமை தெரிந்த இன்னொரு ஆள் அவன்தான். இனி இந்த நோட்டில் அவனுக்குப் பெயர் சீட் கவர்.

மார்ச் 6, வியாழன்

நேற்று நான் கேட்காமலே சீட் கவர் யானையைத் தூக்கி அலமாரி மேல் வைத்தான். என்ன திடீர் அக்கறை? இன்று பார்த்தால் கட்டைவிரலில் கட்டு. "ஒண்ணுமில்ல மாமா, சின்னதா குத்திடுச்சு" என்கிறான். இத்தனை வருஷம் தைத்தவனுக்கு இப்போதுதான் ஊசி குத்துகிறதாம்.

இன்னொரு ஊசியும் போய்விட்டது.

மார்ச் 10, திங்கள்

பாலர் பள்ளி டீச்சர் வந்தாள். வகுப்பில் விளையாட்டு மூலைக்கு ஆறு பொம்மை வேண்டுமாம், மாதக் கடைசிக்குள்.

"வாயில வச்சுக் கடிக்கிற பிள்ளைங்க ஐயா. பாத்துச் செய்யணும்."

"நீங்களே கடிச்சுப் பாருங்க டீச்சர், அப்புறம் பேசுங்க" என்றேன். சிரித்தாள்.

பழைய சாமான் கடைக்காரரிடம் ஒரு மூட்டை வாங்கி வந்தேன். ஒரு கரடிக்கு ஒற்றைக் கண். எந்தக் குழந்தையோ முத்தம் கொடுத்துக் கொடுத்து மூக்கெல்லாம் வழுக்கை. முதுகைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கினேன். தண்ணீர் டீ மாதிரி ஆயிற்று. பழைய பல் பிரஷ்ஷால் காது மடிப்பு வரை தேய்த்தேன். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு காலையில் எழுந்திருக்க எனக்கு இருக்கும் காரணம் இது ஒன்றுதான். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

முயலின் முதுகில் இருப்பது என் தையல் இல்லை!

நான் தைப்பது பழுப்புப் பருத்தி நூலில். இது மெழுகு தடவிய நைலான். நான் மூடியதை யாரோ பிரித்து மறுபடி மூடியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. சீட் தைக்கிற நூல் தானாக நடந்து வந்ததா?

எதற்காக? என் வேலையைக் கெடுத்து டீச்சர் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்கவா?

மார்ச் 15, சனி

சமையலறைப் பக்கம் போனேன். காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"சொல்லிடலாமேங்க" — மகள்.

"சொன்னா அதோட எல்லாத்தையும் விட்டுட்டு மூலைல உக்காந்துடுவாரு. வேணாம். நான் பாத்துக்கறேன்."

நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புரிந்துவிட்டது. நான் தைக்கிற பின்னறைக்குக் குறி வைக்கிறான். என்னைக் கிளப்பிவிட்டு அங்கே மெஷின் போடப் பார்க்கிறான்.

மார்ச் 18, செவ்வாய்

கையும் களவுமாகப் பிடித்தேன். கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதியிலேயே திரும்பினேன். என் நாற்காலியில் அவன். மடியில் நாய்ப் பொம்மை, முதுகு பிளந்து கிடக்கிறது. கையில் ஏதோ வட்டமாக, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம்.

"என்ன மாப்பிள்ளை, ஆபரேஷனா?"

எழுந்து நின்றான். காந்தத்தைப் பஞ்சுக்குள் விட்டு எடுத்தான். அதில் என் ஊசி ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசிக் காதில் பழுப்பு நூல் கூட அப்படியே.

"மாமா, யானைலயும் இருந்துச்சு. முயல்லயும் இருந்துச்சு. குத்தி வைக்கிறீங்க, அது உள்ள போயிடுது. உங்களுக்குத் தெரிய மாட்டேங்குது."

"நீ வச்சிருப்ப."

"அப்பா!" — மகள் வாசலிலிருந்து.

"நீதான்டா வச்சிருப்ப. இந்த ரூமுக்கு ஆசைப்பட்டுத்தான..."

அவன் காந்தத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். கதவைக் கூடச் சாத்தவில்லை. நான்தான் சாத்தினேன், வீடு அதிர.

மார்ச் 19, புதன்

பின்னறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்பில். இனி ஒரு ஈ நுழையட்டும் பார்க்கலாம். கரடியை நானே அடைத்து, நானே மூடி, டீச்சர் கையில் நானே கொடுப்பேன். யார் சொன்னது பொய் என்று அப்போது தெரியும்.

மார்ச் 22, சனி

கரடி முடிந்தது. கண் இரண்டும் ஒரே மட்டத்தில். முதுகுத் தையல் என்னுடையதேதான், பழுப்பு நூல். நாலு நாளும் இந்த அறைக்குள் என்னைத் தவிர யாரும் வரவில்லை.

நூலை வெட்டிவிட்டு ஊசியைத் தேடினேன். வயிற்றில் இல்லை. மேசையிலும் இல்லை. கீழே குனிந்து தரையெல்லாம் கையால் தடவினேன்.

காந்தம் அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. சும்மாதான் எடுத்தேன். அவன் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் எடுத்தேன். கரடியின் வயிற்றில் வைத்தேன். உள்ளிருந்து ஏதோ வந்து துணியோடு ஒட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடி ஒட்டியது.

பூட்டு பூட்டியபடி இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது.

கடிக்கிற பிள்ளைகள் என்று டீச்சர் சொன்னாளே.

மார்ச் 23, ஞாயிறு

சாப்பிடப் போகவில்லை. மகள் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 28, வெள்ளி

கரடியிலிருந்து நேற்றே ஊசியை எடுத்தாயிற்று, ஆறையும் சீட் கவர் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டான். காலையில் டீச்சர் வந்தாள். வழுக்கை மூக்குக் கரடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "எல்லாம் நீங்க ஒருத்தரேவா ஐயா?" என்றாள். "மாப்பிள்ளையும் உண்டு" என்றேன். பின்னால் அவன் இருமினான். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் யாரும் கேட்கவில்லை. எனக்கு அது வராது. அவனுக்கும் தெரியும்.

பூட்டு இப்போது மாப்பிள்ளையின் சைக்கிளில் தொங்குகிறது. ஊசிகள் சோப்புக் கட்டியில் குத்தி நிற்கின்றன.

அடுத்த மூட்டையிலிருந்து ஒரு குரங்கை அடைத்து முடித்தேன். முதுகை மூடவில்லை. காந்தத்தோடு மேசையில் வைத்திருக்கிறேன், அவன் வேலை விட்டு வந்ததும் பார்க்கட்டும். பக்கத்தில் பழுப்பு நூல்கண்டையும் வைத்தேன். அந்த மெழுகு நூலை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.