நீ கண்ட காட்டுப்பூனை

மச்சான்,

இன்று காலை ஜெர்மனியின் ஐஃபல் மலைப்பாதையில் ஏறும்போது கார்த்திகை வெயில் நேரே கண்ணில் குத்தியது. காரின் வெயில் மறைப்பைக் கீழே இழுத்தேன். அதில் செருகிக் கிடந்த ஊசியிலைக் கொப்பு மடியில் விழுந்தது. பாதி ஊசிகள் உதிர்ந்துவிட்டன, ஆனாலும் அந்தப் பிசின் மணம் இன்னும் போகவில்லை. பின் இருக்கையில் படுத்திருந்த உன் நாய் வைரவன் மூக்கைத் தூக்கினான்.

"என்னடா, அவர் வாறார் எண்டு நினைச்சியோ?" என்று கேட்டேன். அவன் திரும்பவும் படுத்துவிட்டான். எனக்குத்தான் அழுகை வந்தது. மறுகணம் சிரிப்பும் வந்தது. உன்னை நினைத்தால் ஒழுங்காக அழுது முடிக்கவும் முடிவதில்லை. அது முழுக்க உன் குற்றம்.

நாம் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், ஒரே குளிர்காலத்தில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அகதிகள். நான் பான் நகரில் ட்ராம் ஓட்டப் போனேன். நீ ஹெல்முட்டின் பேக்கரியில் மாக் குழைக்கப் போனாய். ஹெல்முட்டுக்குப் பாணும் வேட்டையும் இரண்டு கண்கள். பாண் உனக்கு வேலையானது. வேட்டை உனக்குத் தொற்றிக்கொண்டது. ஜெர்மன்காரரே இரண்டு தரம் மூன்று தரம் விழுந்து எழும்பும் வேட்டைச் சோதனையை முதல் தரத்திலேயே பாஸ் பண்ணிவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றாய். ஊரில் கல்லெறிந்து ஒரு மாங்காய் விழுத்தத் தெரியாதவன் நீ.

பிறகு இந்த நாயைக் கொண்டுவந்தாய். நீண்ட உடம்பு, சாண் உயரக் கால், டாக்கல் இனம். பற்றைக்குள் நுழைந்து காட்டுப்பன்றியைக் கலைக்கிற வீரன் என்றாய். என் கண்ணுக்கு அவன் நடக்கப் பழகிய ஒரு றாத்தல் பாணாகத்தான் தெரிந்தான். வைரவருக்கு வாகனம் நாய். நீயோ நாய்க்கே வைரவன் என்று பெயர் வைத்தாய். அத்தோடு விட்டாயா? வா, இரு, தேடு, விடு என்று எல்லாவற்றையும் தமிழிலேயே பழக்கினாய். ஜெர்மன் நாய்க்கு ஏன் தமிழ் என்று ஹெல்முட் கேட்டதற்கு, "வீட்டில் பேசுகிற பாஷைதான் பிள்ளைக்கு முதலில் வரும்" என்று அவனுடைய மொழியிலேயே சொன்னாய். கடைசியில் ஹெல்முட்டின் பெரிய வேட்டைநாயும் வைரவனைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டது.

அந்தப் பூனையை நீ முதலில் கண்டபோது உன்னோடு வைரவனைத் தவிர யாரும் இல்லை. ஓடைக்கரையில் சரிந்து கிடந்த மரத்தின்மேல் அது நடந்து போனதாம். தடித்த வால், அதில் கறுப்பு வளையங்கள், வெட்டிவிட்டது போல மொட்டையான கறுப்பு நுனி. ஐஃபல் காட்டுப்பூனை. அங்கே பிறந்து வளர்ந்து கிழவரானவர்கள்கூடக் கண்ணால் கண்டிராத பிராணி. சட்டப்படி அதை யாரும் தொடக்கூடாது. அடுத்த வேட்டையன்று காலைச் சாப்பாட்டு மேசையில் நீ அதைச் சொல்லி முடிக்கவில்லை, காப்புறுதி விற்கும் ரைனர் கோப்பியைக் கீழே வைத்தான்.

"எந்தப் பாட்டியின் பூனை அது? பாவம், வீட்டில் தேடப் போகிறார்கள்" என்றான். பிறகு மியாவ் என்று கத்தினான். மேசையே குலுங்கிச் சிரித்தது. நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து நீ எங்கே தலை காட்டினாலும் ஒரு மியாவ். பேக்கரிக்குப் பாண் வாங்க வருகிறவன்கூட மியாவ் என்றான்.

அந்த முதல் மியாவ் நாளில் சாப்பாட்டுக்கு மட்டும் என்னையும் கூட்டிப்போயிருந்தாய். காரில் திரும்பும்போது முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாய்:

"மச்சான், வந்த புதுசில அந்த அகதி விசாரணை அறையில ஊரில நடந்ததெல்லாம் சொன்னனான். நம்பக்கூடியதா இல்லை எண்டு ஒரே வசனத்தில முடிச்சுப்போட்டாங்கள். அதுக்குப் பிறகு விசா வந்தது, வேலை வந்தது, வீடு வந்தது. ஆனா அந்த வசனம் போகேல்லையடா. இப்ப ஒரு பூனைக்கும் அதே வசனம்."

 உனக்கு அது பூனை விஷயம் இல்லை என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. மாத்தூசு தின்ற உன் நுரையீரல் அப்போதே இளைக்கத் தொடங்கியிருந்தது. மருத்துவர் சொன்னதை நீ வீட்டில் பாதிதான் சொல்லியிருந்தாய். "அடுத்த சீசனுக்குள்ள ஒருத்தனாவது அதைக் கண்ணால பாக்கவேணும்," என்றாய்.

அடுத்த ஐப்பசியில், கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாளில், பெரிய வேட்டை வந்து விழுந்தது. நீ பாலும் பழமுமாக இருக்கிறாய். காலையில் என்னை ஏற்ற வந்தவனை என் மனைவி சுகந்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணை, காட்டுப்பூனைக்குச் சிவராத்திரி விரதமோ?"

"தங்கச்சி, முருகனே வேடன் வேஷம் போட்டுத்தானே வள்ளியைக் கட்டினவர். நான் இண்டைக்குத் துவக்குக் கொண்டு போகேல்லை. நாயோடை காடு கலைக்கத்தான் போறன். உங்கட மனுசனையும் தாங்கோ, பத்திரமாக் கொண்டந்து விடுறன்."

அப்படித்தான் நாய்க்குப் பயந்த நான், செம்மஞ்சள் மேலங்கியும் கையில் ஒரு தடியுமாக, உனக்குப் பக்கத்தில் காட்டுக்குள் இறங்கினேன். எனக்கு வேட்டை தெரியாது. காரில் வைத்து நீ விளக்கினாய். துப்பாக்கிக்காரர் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். நாங்கள் நாய்களோடு சத்தம் போட்டுக்கொண்டு நடந்து பன்றிகளைக் கிளப்பவேண்டும். கொம்பு ஊதி முடிக்கும்வரை துப்பாக்கிக்காரன் தன் இடத்தை விட்டு ஓர் அடி அசையக்கூடாது, அசைந்தால் யாருடைய குண்டு யாருக்கென்று தெரியாது. எல்லோருக்கும் நீ சுட்டுக் கொண்டுவந்த, மீன் வைத்த மாலுப்பாணை வாயில் அடைத்துக்கொண்டு ஆட்கள் தங்கள் இடங்களுக்குப் போனார்கள். ரைனர் இரண்டு எடுத்தான். போகும்போது மறக்காமல் மியாவ் என்றான்.

பனிப்புகார் விலகாத காடு. நான் ஹோ ஹோ என்று கத்த, என் குரல் எனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. ஒரு பன்றிக் கூட்டம் என் முன்னால் தடதடவென்று ஓடியபோது நான் தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். நீ சிரித்தாய், சிரித்துச் சிரித்து இருமினாய். அப்போது மேட்டின்மேல் வைரவன் குரைக்கத் தொடங்கினான். ஹெல்முட்டின் நாயும் சேர்ந்துகொண்டது.

நீ கையை உயர்த்தி என்னை நிறுத்தினாய். "கேட்டியோ? பண்டியெண்டா நிலத்தைப் பாத்துக் குலைப்பான். இவன் மேலை பாத்துக் குலைக்கிறான். மரத்தில ஏதோ நிக்குது. ஓடு மச்சான், ஓடு, நான் பின்னால வாறன்!"

நான் ஓடினேன். முள்ளில் கிழிந்து, சேற்றில் ஒரு தரம் முழங்காலில் விழுந்து, மேலே போய்ச் சேர்ந்தேன். பழைய ஓக் மரம் ஒன்று. அடியில் இரண்டு நாய்களும் வெறி பிடித்தவை போல நின்றன. வைரவனின் மூக்கில் இரத்தம். தலைக்குக் கொஞ்சம் மேலே, முதல் கவட்டில், அது.

மச்சான், நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு முகத்தைக் கண்டதில்லை. எங்கள் வீட்டுச் சோபாவில் தூங்கும் சாதி இல்லை அது. காதைப் பின்னால் மடித்து, பல்லைக் காட்டி, அந்தக் காடே தன்னுடையது என்கிற கண்ணோடு என்னைப் பார்த்தது. வால் கொப்பில் தொங்கியது. தடித்த வால், கறுப்பு வளையம், மொட்டை நுனி. நீ சொன்னதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நீ மரங்களைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தாய். முகம் மாவாக வெளுத்திருந்தது. பூனையைப் பார்த்தாய். பிறகு நாய்களைப் பார்த்தாய். அது கீழே பாய்ந்தால் இரண்டும் கிழித்துவிடும், அல்லது அது வைரவனின் கண்ணைப் பிடுங்கிவிடும்.

"பொறு," என்றேன். "ரைனர் கீழைதான் நிக்கிறான். கூப்பிடுறன், வந்து பாக்கட்டும்."

"அவன் இடத்தை விட்டு அசைய ஏலாது."

"அப்ப கொம்பு ஊதுமட்டும் நாயை விடு, குலைக்கட்டும். நான் மட்டும் கண்டு என்ன பிரயோசனம்? நான் உன்ரை ஆள் எண்டு சொல்லுவாங்கள்!"

நீ ஒரு மூச்சு எடுத்தாய். அந்த ஒரு மூச்சில் என்ன கணக்குப் போட்டாய் என்று எனக்கு இன்றும் தெரியும். "சாட்சிக்காக அதைச் சாகக் குடுக்க ஏலாது, மச்சான்," என்றாய். பிறகு அந்த மலையே கேட்கும்படி கத்தினாய்:

"வைரவா, விடு! விடடா!"

வைரவன் குரலை விழுங்கிக்கொண்டு பின்வாங்கினான். ஹெல்முட்டின் நாயும் திரும்பி வந்து உன் காலடியில் இருந்தது. நீ இரண்டின் கழுத்துப் பட்டியையும் பிடித்துக்கொண்டு சேற்றில் இருந்துவிட்டாய். பூனை அவசரப்படவே இல்லை. எங்களை ஒரு தரம் அளந்து பார்த்தது, நகத்தை ஊன்றி இறங்கியது, சரிவின் கீழே புகாருக்குள் நடந்து போனது. உன் ஒரு வருடம் அதோடு போகிறது என்று நான் தலையில் கை வைத்தேன். நீயோ கல்யாண வீட்டுக்கு வந்தவன் போலச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

பின்னேரம் வேட்டை முடிந்ததும், அவர்கள் வழக்கப்படி, பன்றிகளையும் மான்களையும் பச்சைக் கொப்புகளின்மேல் வரிசையாகக் கிடத்தினார்கள். எல்லோரும் சுற்றி நின்றோம். சுட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்து, தொப்பியில் செருக ஓர் ஊசியிலைக் கொப்பைக் கொடுத்தான் ஹெல்முட். அது கிடைத்தவன் அன்றைக்கு ராசா. கடைசிக் கொப்பும் கொடுத்து முடிந்தது என்று நினைத்தபோது ரைனர் வரிசையிலிருந்து வெளியே வந்தான். அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நான் ஒன்று சொல்லவேண்டும்," என்றான். "புகாருக்குள் ஏதோ வந்தது. நரி என்று நினைத்துத் துப்பாக்கியைத் தூக்கிவிட்டேன். விரல் விசையில். அப்போது வாலைக் கண்டேன். தடித்தது, வளையம், மொட்டை நுனி. ஒரு வருடமாக நான் கேலி பண்ணிக் கேலி பண்ணி எனக்கே மனப்பாடமான வால். துப்பாக்கியை இறக்கினேன். என் காலைத் தாண்டிப் போனது. இவன் சொன்னது உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை."

 பார்த்தாயா, நீ அதை விட்டாய், அது நேரே போய் ரைனரிடம் சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறது!

ஹெல்முட் தானே போய் ஒரு கொப்பு முறித்து வந்து ரைனரின் கையில் கொடுத்தான். ரைனர் அதைத் தன் தொப்பியின்மேல் வைத்து உனக்கு நீட்டினான். கொம்பு ஊதுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பன்றி விழுந்தால் ஒரு மெட்டு, மான் விழுந்தால் ஒரு மெட்டு. உயிரோடு போனதற்கு மெட்டு இல்லை. ஆகவே காலையில் விருந்தினரை வரவேற்க ஊதுவதையே மறுபடி ஊதினார்கள். அந்தக் காடு முழுக்க உன்னை வரவேற்றது, மச்சான். ஆள் ஆளாக வந்து "வைட்மான்ஸ்ஹைல்" என்று உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். துப்பாக்கியே இல்லாமல் அந்த வேட்டை வாழ்த்தை வாங்கியவன் நீ ஒருவன்தான்.

நீ மட்டும் லேசில் விடுகிற ஆளா? கொப்பை வாங்கிக்கொண்டு, "இப்போது ஒரு தரம் மியாவ் சொல்" என்றாய். ரைனர் தொப்பியை நெஞ்சில் வைத்து, தேவாலயத்தில் பாடுகிறவன் போலக் கண்ணை மூடி, மியாவ் என்றான். சிரிப்பில் நாய்களெல்லாம் குரைத்தன.

கொப்பை மூன்றாக முறித்தாய். ஒன்று உன் தொப்பிக்கு, ஒன்று வைரவனின் கழுத்துப் பட்டிக்கு, ஒன்று எனக்கு. "நீ சேத்துக்குள்ள விழுந்ததுக்கு," என்றாய். எல்லோரும் சூப் குடிக்க நீ வெறுந்தேநீரோடு இருந்து, என் காதுக்குள் சொன்னாய்: "நாளைக்குச் சூரன்போர். எனக்கு இண்டைக்கே முடிஞ்சுது."

சித்திரைக்கு நீ இல்லை. உன் தொப்பியும் கொப்பும் உன்னோடு போயின. வைரவன் என்னிடம் வந்தான். நாய்க்குப் பயந்த நான் இப்போது அவனைத் தூக்கிக்கொண்டு ஓடை கடக்கிறேன், அவனுக்கு வயதாகிவிட்டது. தமிழில்தான் இன்னும் கேட்கிறான்.

இன்று வேட்டைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், ஹெல்முட்டின் பேக்கரியில் உன் இடத்துக்கு வந்தவள். வேட்டை முடிந்த பிறகு சாப்பாட்டு மேசையில் தயங்கித் தயங்கி, கீழ் ஓடையில் நீர்நாய் ஒன்றைக் கண்டதாகச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் நீர்நாயை யாரும் கண்டதாக ஞாபகமில்லை. ஒரு மூலையில் யாரோ சிரிக்க வாயெடுத்தது எனக்குத் தெரிந்தது. அதற்குள் ரைனர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டான். "எந்த இடத்தில்?" என்று கேட்டான். எழுந்து கழற்றி வைத்த சப்பாத்தை மறுபடி மாட்டினான். நானும் வைரவனைத் தூக்கிக்கொண்டேன். மேசையிலிருந்த அத்தனை பேரும் ஈரப் புல்லில் அவள் பின்னால் வரிசையாக இறங்கிப் போனோம்.

இருட்டும்வரை பார்த்தோம். நீர்நாய் வரவில்லை. ஒருவரும் மியாவ் சொல்லவில்லை, மச்சான்.