பூட்டு மாற்றுகிறவள்

மார்ச் 3, திங்கள்

மறுபடியும் பாஸ்வேர்டு மாறியிருக்கிறது. ஸ்கேன் சென்டரைத் திறந்து, விளக்கைப் போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் 'தவறு' என்கிறது. எப்படிப் போட்டாலும் தவறு. முன்பதிவு, ஷிஃப்ட் அட்டவணை எல்லாம் அதற்குள்ளேதான். வெறும் வயிற்றோடு வந்திருந்த பெரியவர் தண்ணீராவது குடிக்கலாமா என்று கேட்கிறார். அவருக்கு என்ன ஸ்கேன் என்று தெரிந்தால்தானே சொல்ல?

ரிசப்ஷனில் நாங்கள் நாலு பேர், எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஆளுக்கொன்று கொடுத்தால் குழப்பமாகிவிடும் என்பார் மேனேஜர். இப்போது மட்டும் தெளிவாக இருக்கிறதாக்கும்.

மாற்றியவள் மத்தியான ஷிஃப்ட்டுக்கு வந்தாள். அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் பூட்டு. காதோரம் வந்து புதியதைச் சொல்லிவிட்டு, ஒரு 'சாரிக்கா' கூட இல்லாமல் போய் உட்கார்ந்தாள்.

மார்ச் 4

மேனேஜரிடம் ஒரு யோசனை சொன்னேன். யார் மாற்றினாலும் உடனே என்னிடம் சொல்ல வேண்டும். யார் மாற்றினார்கள், ஏன், புதியது என்ன என்று நான் ஆபீஸ் குரூப்பில் போடுவேன். மீட்டிங்கில் அதைத் தன் யோசனையாக அவர் அவிழ்த்துவிட்டார். போகட்டும். வேறு எதையும் யோசிக்காதவர், இதையாவது யோசித்ததாக இருக்கட்டும்.

அந்த குரூப்பில் யார்தான் இல்லை? முதலாளியம்மா, அவர் தம்பி, ஏசி ரிப்பேர்க்காரர். போன வருஷம் வேலையை விட்டுப் போன எக்ஸ்ரே தம்பி கூட இருக்கிறான். எங்களிடம் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவன், பூட்டின் புருஷன். இன்றைக்கும் தினமும் ஒரு பூப்படத்தோடு காலை வணக்கம் போட்டுவிடுகிறான். அவன் பண்பில் கால்வாசி அவளிடம் இருந்தால் போதும்.

மார்ச் 5

மாற்றியிருக்கிறாள். காரணம் கேட்டால், "பாதுகாப்புக்குதான்க்கா." இங்கே என்ன வைரமா கொட்டிக் கிடக்கிறது? இருப்பதெல்லாம் அடுத்தவர் கிட்னியில் இருக்கும் கல். குரூப்பில் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

நேற்றும் மாற்றினாள், இன்றும் மாற்றினாள். இரண்டு தடவையும் குரூப்பில் போட்டேன். இனி ஒருமுறை மாற்றினால் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிடுங்கள் என்றார் மேனேஜர். அவருக்கே சொல்ல வாய் இல்லை, என்னை அனுப்புகிறார். சொன்னேன். கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னேன். தலையைக் குனிந்தபடி சரிக்கா என்றாள்.

இன்று காலை ஷிஃப்ட்டுக்கு வந்தவள், மத்தியானம்தான் இன்னொருத்தியோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு சாயங்காலம் வரை இருந்தாள். கிளம்பும் நேரத்தில் வாசலில் எக்ஸ்ரே பைக்கோடு நிற்கிறான். இவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள், திரும்பினாள், ஜெனரேட்டர் பக்கத்துப் பின்கதவு வழியாகப் போயே போய்விட்டாள். புருஷன் அழைத்துப்போக வந்து நிற்கிறான், இவளுக்கு எவ்வளவு திமிர்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஷிஃப்ட் மத்தியானம்தானே மாறிச்சு? அவனுக்கு யாரு சொன்னா?" என்றார். வீட்டில் உப்பு எங்கே இருக்கிறதென்று தெரியாத மனுஷன், ஆபீஸ் விஷயம் பேச வந்துவிட்டார்.

மார்ச் 9

யார் சொன்னது?

மார்ச் 10, திங்கள்

சாஃப்ட்வேர்காரர்களுக்கு போன் போட்டேன். பாஸ்வேர்டை எப்போது மாற்றினார்கள், எதிலிருந்து உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் அதிலேயே பதிவாகுமாம். எங்கே பார்ப்பதென்று சொல்லிக்கொடுத்தார்கள். அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கிற ஆசையோடுதான் திறந்தேன்.

மாற்றியதெல்லாம் அவள்தான். ஆனால் எங்களுடையது அல்லாத ஒரு போன் திரும்பத் திரும்ப உள்ளே வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் குரூப்பில் போட்ட கொஞ்ச நேரத்துக்குள். முன்பதிவைத் தொடவில்லை. ஷிஃப்ட் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

அவளை எக்ஸ்ரே அறைக்குள் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"அவன விட்டுட்டு எங்கக்கா வீட்டுக்கு வந்துட்டேன்க்கா. நான் எப்ப வெளிய வருவேன்னு பாத்துட்டு வந்து நிப்பான். நான் மாத்துவேன். நீங்க குரூப்ல போட்டுடுவீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னாள். போன மாதம் வாசலில் வைத்து இழுத்தானாம். சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள், தழும்பு இன்னும் இருக்கிறது. ஏன்டி என்கிட்ட சொல்லல என்று கத்திவிட்டேன். மேனேஜரிடம் சொன்னாளாம். புருஷன் பொண்டாட்டி சண்டையை ஆபீசுக்குக் கொண்டு வராதே என்றாராம்.

நான்தான் — தினமும் நானே கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறேன். கேட்டால் பொறுப்பாம். சீ.

மார்ச் 11

எக்ஸ்ரேயை குரூப்பிலிருந்து எடுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னேன். நல்ல பையன், தினமும் வணக்கம் போடுகிறான், எடுத்தால் மனசு கஷ்டப்படுவான் என்கிறார். அவளுக்கு மனசே இல்லை போலிருக்கிறது. அவர் ஒருவரால்தான் எடுக்க முடியும், எடுக்க மாட்டார்.

மார்ச் 12

இன்று மாற்றியது நான். சரியானதை மற்ற மூன்று பேர் காதிலும் சொன்னேன். குரூப்பில் வேறொன்றைப் போட்டேன். மேனேஜருக்கும் அதுதான். அவர் எங்கே சிஸ்டத்தைத் திறக்கப்போகிறார்?

மார்ச் 13

இந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம். காலையில் என்னைக் கூப்பிட்டு, "எக்ஸ்ரே தம்பிக்குத் திறக்கலையாம், என்னன்னு பாருங்க" என்கிறார். வேலையை விட்டுப் போனவனுக்கு எதற்குத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவன் அனுப்பிய செய்தியை எனக்கும் அனுப்பிவைத்தார். நான் அதை, சாஃப்ட்வேரில் பார்த்ததோடு சேர்த்து, முதலாளியம்மாவுக்கு அனுப்பினேன்.

மதியம் மேனேஜரின் போன் அடித்தது. எழுந்து நின்று பேசினார்.

மார்ச் 14

எக்ஸ்ரே குரூப்பில் இல்லை. இனி ஆளுக்கொரு பாஸ்வேர்டு. இதுவும் மேனேஜரின் யோசனைதான், மீட்டிங்கில் சொன்னார்.

மார்ச் 17, திங்கள்

காலையில் பூ வரவில்லை.

சாயங்காலம் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் எக்ஸ்ரே. பைக்கில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மத்தியானமே கிளம்பிவிட்டாள், முன்வாசல் வழியாக. யாருக்காக நிற்கிறாய் என்று கேட்டேன். சும்மாதான்க்கா என்றான்.

"நில்லு தம்பி. நல்லா நில்லு," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.