கணக்கு மிஷினுக்கு ஒரு அவசரம்

14.10.74, திங்கள்

விடாத மழை. ஆபீஸ் சுவர் வேர்த்திருக்கிறது. கணக்கு மிஷினும்.

நாலு கங்காணிகளின் பச்சை ஏலக்காய் எடையைக் கூட்டினேன். மிஷினில் 1,204. கையால் 1,304. மறுபடி கைப்பிடியைச் சுற்றினால் 1,304. மூன்றாம் தடவை திரும்பவும் 1,204. ஈரக் காலத்தில் எப்போதும் இப்படித்தான். ஒன்பதைத் தாண்டும்போது அடுத்த சக்கரத்தைத் தள்ள வேண்டிய பல் தள்ளுவதில்லை. பத்து குறையும், அல்லது நூறு.

பெரிய கிளார்க் தேவசகாயத்திடம் (இனி தே. முழுப் பெயர் எழுத மையில்லை) காட்டினேன். தலை நிமிராமல்: "மிஷினுக்கு என்ன பிள்ளே, சாதியா சனமா, உனக்கு ஓரவஞ்சனை செய்ய? தப்பு போடுகது உன் கைதான்."

மூடிய எஸ்டேட் ஒன்றிலிருந்து இந்த மிஷினைப் பேசி வாங்கி வந்தவர் அவர். ஆகவே அது தவறாது. நான்தான் தவறுவேன். செப்டம்பர் தாளில் கூட்டல் தப்பு என்று ஏற்கெனவே எனக்கு ஒரு மெமோ. இன்னொன்று வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாற்காலிக்கு ஆள் தயார்: தே.யின் மச்சினர் மகள், டைப் ஹையர் பாஸ்.

15.10, செவ்வாய்

நாளை மதுரையிலிருந்து மெக்கானிக். உள்ளே இருக்கும் உருளையை மட்டும் மாற்றுவதா, எண்ணெய் போட்டு விடுவதா என்று பேச்சு. என்னைக் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன்.

மாற்றினால்: கூட்டல் சரியாகும். எல்லாவற்றையும் இரண்டு தரம் கையால் போட வேண்டாம்.
மாற்றாவிட்டால்: அடுத்த மழைக்கு அடுத்த மெமோ.
மாற்றிய பிறகும் தப்பு வந்தால்?

மூன்றாவதை எழுதியதும் நோட்டை மூடினேன். லைப்ரரி நாவல் நாலு பக்கம். ஒன்றும் ஏறவில்லை. மனிதரை நம்பாமல் இருக்கச் சாக்கு வேண்டியவர்கள்தான் மிஷினை இவ்வளவு நம்புகிறார்கள்.

அம்மாவுக்கு இருமல் மருந்து. மறந்துவிட்டேன்.

16.10, புதன்

மெக்கானிக் வந்தார். ஐம்பது வயது, நனைந்த தோல்பை. குமுளி பஸ்ஸில் வாந்தியாம். மூடியைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார்.

"பெட்டி நல்லாத்தேன் இருக்கு தாயி. கொடலுதேன் போச்சு. உருளைப் பல்லு மழுங்கிருச்சு. வேற மிஷின்ல எடுத்தது ஒண்ணு கையில இருக்கு. மாட்டவா?"

அனுமதி சூப்ரண்டுதான் தர வேண்டும். மலையாளி, கேரளத்துக்குள் இருக்கும் இந்தச் சக்குபள்ளம் எஸ்டேட்டுக்கு வந்து மூன்று வருடம். அவசரமாக ஜீப்பில் ஏறிக்கொண்டே மிஷினைக் காட்டிச் சொன்னார்: "இதினு ஒரவசரம் கூடி கொடுக்காம்."

மெக்கானிக் கும்பிட்டார். "ஆகட்டும் சார், அவசரமாவே முடிச்சுர்றேன்."

ஜீப் போய்விட்டது. தே. களத்தில்.

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இன்னொரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கலாம், மாற்ற வேண்டாம் என்றிருக்கிறார். இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். மதுரைக்காரருக்கு எப்படித் தெரியும்?

நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்க்ரூக்கள் உருளாமல் இருக்க ஒரு சாஸர் எடுத்துக் கொடுத்தேன்.

"ஏந்தாயி, பெரியவரு அம்புட்டு பதறுறாரு? கலியாண வீட்டுக் கணக்கா?"

"ஏலக்காய்க் கணக்கு."

ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். இருபது தடவை கூட்டினேன். இருபதும் சரி. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

17.10, வியாழன்

காலையிலேயே சூப்ரண்டின் சத்தம், மாற்றச் சொன்னது யார் என்று. "ஆரு பறஞ்ஞு மாற்றான்?"

மெக்கானிக் பஸ்ஸுக்கு நின்றவர், பாவம், திரும்ப அழைத்து வரப்பட்டார். "நீங்கதான சார் அவசரம்னீங்க. நான் காப்பிகூடக் குடிக்கல."

ஜன்னலுக்கு வெளியே காய் பறிக்கும் பெண்கள் சிரித்தார்கள். சூப்ரண்டின் காது சிவந்தது. தே. என் பக்கம் திரும்பினார்.

"அவன் பாண்டிச் சீமை மதுரையிலேந்து வந்தவன். நீ இங்க பொறந்தவளாக்கும். உனக்கு அர்த்தம் தெரியாதோ?"

"தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லையே."

இப்படிச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை.

உருளையை மாற்றியதற்கு மேலிடத்தில் காரணம் சொல்ல வேண்டும் சூப்ரண்டுக்கு. மெமோ வந்த தாளை நாளை அவர் முன்னால் கூட்டிக் காட்ட வேண்டுமாம். தொகை மாறினால் தப்பு பழைய உருளையுடையது, மெமோவைக் கிழித்துவிடுவார். தே. பீரோவைத் திறந்து தாளைக் கொடுத்தார். இத்தனை நாளும் என் கண்ணில் காட்டாதது. கொடுக்கும்போது அவருக்கு ஏன் அவ்வளவு மரியாதை?

18.10, வெள்ளி

எட்டு மணிக்கே போய்த் தனியாகக் கூட்டினேன். தொகை மாறியது. இருபத்தேழு கூடுதல்.

இருபத்தேழு. பத்தல்ல, நூறல்ல. ஒவ்வொரு வரியாகப் போட்டேன். ஆறாவது வரி 385. அதை அன்று 358 என்று வைத்திருக்கிறேன். உருளையின் தப்பில்லை. என் விரல்.

பத்து மணிக்கு சூப்ரண்டு முன்னால் கூட்டினேன். தொகை மாறியதும் அவருக்கு நிம்மதி. மெமோவை எடுத்துக் கிழிக்கப் போனார். புதன்கிழமை மூடிய வாயை இன்னும் ஒரு நிமிடம் மூடியிருந்தால் போதும். ஆனால் தே. முகத்தைப் பார்த்துவிட்டேன். அவருக்கு இருபத்தேழு தெரியும். முதலிலிருந்தே தெரியும். இதை வைத்திருந்து, எனக்கு ஆகாத ஒரு நாளில் எடுப்பார்.

"கிழிக்காதீர்கள் சார். இந்த ஒன்று நான் போட்ட தப்பு. மற்றவைதான் மிஷின்."

சூப்ரண்டு மெமோவை மறுபடி ஃபைலில் வைத்தார். என்னை விசித்திரமாகப் பார்த்தார். வேலை இருக்கிறது, இப்போதைக்கு.

வெளியே வந்ததும் தே.: "நான் அப்பமே சொன்னேம்லா பிள்ளே, கைதான்னு."

"ஆமாம் சார். கையையும் மிஷினையும் இனிமேல் பிரித்துப் பார்த்துவிடலாம்."

ஆகஸ்டு முழுக்க எனக்கு மஞ்சள்காமாலை. அந்த மாதம் மிஷினில் உட்கார்ந்தவர் தே. மத்தியானம் ஆகஸ்டுத் தாள்களின் கட்டை இறக்கித் தூசி தட்டினேன். முதல் தாள் சரி. இரண்டாவது தாளில் முப்பத்தாறு குறைகிறது. பத்தல்ல, நூறல்ல.