ஜன்னலோர இடம்

என் கோபக்காரருக்கு,

உங்கள் அண்ணன் வீட்டிலும் எல்லோரும் வேண்டுமென்றே மெதுவாகத்தான் பேசுகிறார்களா?

காது சரியாகக் கேட்கவில்லை என்று நான் சொன்னதற்கு நீங்கள் கோபித்துக்கொண்டு போன மறுவாரமே, நூலக மாடியில் நடக்கும் சைகை மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். இந்த வயதில் மறுபடியும் பெஞ்சு! பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர். விரல் மடங்காமல் என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்.

"முதல்ல என்ன சொல்லக் கத்துக்கணும்?" என்று டீச்சர் கேட்டார்.

"'கொஞ்சம் சும்மா இருங்க'ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்" என்றேன். வகுப்பே சிரித்தது.

"அது புரிய அவரும் கத்துக்கணுமே!" என்றார் டீச்சர்.

உங்கள் பெயரையும் கொடுத்துவிட்டேன். ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். இனித் தொண்டை கிழியக் கத்தாமலே சண்டை போடலாம்.

சமாதானத்துக்கும் ஒன்று கற்றிருக்கிறேன். அதை எழுதிக் காட்ட முடியாது, இரண்டு கையும் வேண்டும். வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்புத் தோழி